காற்றாட வைத்த கரி

என் மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் திரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். லிஃப்டில் நமக்கு முன்னால் யார் போனார்கள் என்பதை வாடையை வைத்தே சொல்லிவிடுவேன். இந்த மூக்கோடு சந்தேகமும் சேர்ந்தே பிறந்திருக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதில்லை. தேக்கா மார்க்கெட்டில் பூக்காரர் முழம் போடும்போது எல்லோரும் பூவைப் பார்ப்பார்கள், நான் அவருடைய முழங்கையைப் பார்ப்பேன். "உனக்கு போலீஸ் வேலைதான் லா கிடைச்சிருக்கணும்," என்று என் கணவர் கிண்டல் செய்வார். எனக்குக் கிடைத்தது சோதனைக்கூட வேலை. ஜூரோங்கில், தண்ணீர் வடிகட்டிக்குள் போடுகிற கரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன நிறுவனம். வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் நம்பாமல் இருப்பதுதான் அங்கே என் வேலை.

கரி என்றால் அடுப்புக்கரி இல்லை. கொட்டாங்கச்சியைச் சுட்டு, அதில் சூடான நீராவியைப் பாய்ச்சி, உள்ளெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக ஆக்கிய கரி. பார்ப்பதற்கு உடைத்த மிளகு மாதிரி இருக்கும். பெயிண்ட் ஆவி, பெட்ரோல் வாடை என்றால் வாரி விழுங்கும். தண்ணீர் மட்டும் அதற்கு ஆகாது. காற்று ஓரளவு வறண்டிருக்கிறவரை, ஈரம் பக்கத்தில் வந்து நின்றாலும் கண்டுகொள்ளாது. நான் கரியை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தராசைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரொம்ப நேரத்துக்கு எடை அசையாது.

ஆனால் அந்தத் துளைகளின் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆக்சிஜன் ஒட்டிய இடங்கள் இருக்கின்றன. ஈரம் முதலில் கால் வைப்பது அங்கேதான். அடுத்து வருகிற தண்ணீர் கரியைப் பிடிப்பதில்லை. முன்னால் வந்து உட்கார்ந்த தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியே ஒன்றோடொன்று சேர்ந்து, காற்றின் ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எடை மளமளவென்று ஏறும். துளைகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். அதற்குப் பிறகு காற்றின் ஈரத்தை அந்த அளவுக்கே இறக்கினாலும் கரி தண்ணீரை விடாது. அதற்கும் கீழே, இன்னும் நன்றாகக் காயவைத்தால்தான் விடும். இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டில் நடந்தது பிடிபட ஒரு மழைக்காலமே ஆயிற்று.

என் கணவர் கப்பல் பட்டறையில் பெயிண்ட் பிரிவு ஃபோர்மன். கப்பலின் அடிவயிற்றில் பெரிய பெரிய தொட்டிகள் இருக்கும். அவற்றை முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள், பிறகு ஆட்கள் உள்ளே இறங்கிப் பெயிண்ட் அடிப்பார்கள். அடிக்கிறவர்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று போகும். அவர்கள் ஏறி வந்த பிறகு, விட்டுப்போன இடம் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச்சோடு இறங்கிப் பார்ப்பது இவர். இவருக்கு இரண்டு பக்கமும் வட்ட டப்பி வைத்த ரப்பர் மாஸ்க். அந்த டப்பிகளுக்குள் இருப்பதும் கரிதான்.

அவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். எங்கள் மகள் பிறந்தபோது, யாரும் கேட்காமலே, பிள்ளையின் தலையில் கை வைத்து இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். நான் என் பங்குக்கு ஒன்றைச் சொன்னேன். இன்னொரு தடவை குடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உட்லண்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன். சும்மா மிரட்டலுக்குச் சொன்னதில்லை, அது அவருக்கும் தெரியும். மகள் வளர்ந்து தொடக்கப்பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அதுவரை ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை.

ஆண்டு இறுதி மழை பிடித்துக்கொண்ட சமயம். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், வாசலில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டைத் திறந்தேன். அவர் நிமிர்ந்தபோது மூச்சு என் முகத்தில் பட்டது. பெயிண்ட் வாடை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. சட்டையில் இருக்கும், தலைமுடியில் இருக்கும். அன்றைக்கு அது மூச்சில் இருந்தது. கொஞ்சம் இனிப்பாக, நெற்றிக்கு ஏறுகிற மாதிரி ஒரு நெடி.

"என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"டேங்க்ல வேலை மா. தலைவலிக்குது."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கு அது போதும். அன்றிலிருந்து அவர் செய்கிற ஒவ்வொன்றும் அந்த மூச்சோடு போய் ஒட்டிக்கொண்டது. சாவித் துவாரத்தில் சாவியை நுழைக்கத் தடுமாறினார். மகளைத் துணைப்பாட வகுப்பிலிருந்து கூட்டிவர மறந்துபோனார். சாதாரணமாகக் குரல் உயர்த்தாத மனிதர் குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தெளிவாக இருந்தார். வீட்டில் நான் பக்கத்திலேயே இருக்கிறேன், அதனால்தான் குடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மழை நாள்களில் மோசமாக இருந்தார். மழையில் பட்டறையில் வேலை நின்றிருக்கும், கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

போதாதென்று, திடீரென்று வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோக ஆரம்பித்தார். இத்தனை வருஷமாகக் கேன்டீன் டீ குடித்தவருக்கு இப்போது என்ன வந்தது? போகும்போது டீதான் போகிறது, சரி. காலியான பிறகு அதில் என்ன ஊற்றுகிறார் என்று யார் கண்டது? திரும்பி வந்ததும் ஃபிளாஸ்க்கைத்தான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். ஏலக்காய் வாடைதான் வரும். நன்றாகக் கழுவிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். லிட்டில் இந்தியாவுக்கு மளிகை வாங்க வந்திருக்கிறாள்.

"உன் வீட்டுக்காரரை இப்பத்தான் பார்த்தேன். தேக்கா மார்க்கெட் பக்கத்துல, நடைபாதை ஓரமா தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. கூப்பிட்டேன், யாருன்னே தெரியாத மாதிரி பார்க்கறாரு."

"தனியாவா?"

"தனியாதான். ஆனா நிலைமையே சரியில்ல. நான் சொல்றதைச் சொல்லிட்டேன். என் பெரியவ ரூம் காலியாத்தான் இருக்கு."

எங்கள் வீட்டுப் பக்கத்து ரயில் நிலையமான சுவா சூ காங்கில் இறங்கி அவர் வீடு வந்து சேர்ந்தபோது, கையில் மகளுக்கு ஜாங்கிரிப் பொட்டலம் இருந்தது. ஏன் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். அரை நாள் வேலை முடிந்து கம்பெனி லாரி அந்தப் பக்கம் போனது, இனிப்பு வாங்கலாமென்று இறங்கினேன், தலை சுற்றியது, உட்கார்ந்தேன் என்றார். நல்ல பொய்க்கு ஜாங்கிரி சாட்சியா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிச் சாம்பிராணி போட்ட பிறகு, முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். மகள் மேசையில் உட்கார்ந்து சொல்வதெழுதுதலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அப்போதுதான் வந்து, வாடை பிடித்த சட்டையோடு நின்றார்.

"குடிக்கறீங்களா?"

"இல்ல."

"அப்ப பாப்பா தலையில கை வெச்சுச் சொல்லுங்க."

அவர் மகளிடம் போனார். கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. மகள் பென்சிலை வைத்துவிட்டுத் தலையை வாகாகக் குனிந்து காட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"மாட்டேன்."

"ஏன் மாட்டீங்க?"

"மாட்டேன்னா விடேன் மா."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மகள் என்னைப் பார்த்து, "அப்பா ஏன்மா என்னைத் தொடல?" என்றாள். எங்கள் வழியில் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வதற்கு மேல் ஒன்று கிடையாது. செய்ய மறுத்தால் அதுவே வாக்குமூலம். எனக்குள் நிரம்ப வேண்டியதெல்லாம் அந்த நிமிஷத்தில் நிரம்பிவிட்டது.

அப்படியும் நான் உடனே பெட்டி கட்டவில்லை. அது பெருந்தன்மை இல்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் போனால், நாளைக்கு ஊரே என்னைத்தான் குறை சொல்லும். மறுநாள் சனிக்கிழமை, அந்த வாரம் அவருக்கு முழு ஓய்வு, தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இருந்தது. கிளம்புவதற்கு முன் பாட்டிலைத் தேடினேன். அரிசி டப்பாவுக்குள், ஷூ அலமாரிக்குப் பின்னால், சாமான் போட்டு வைத்திருக்கும் பாம் ஷெல்டர் அறையில், கழிப்பறைத் தொட்டிக்குள். சாமி மாடத்துக்குப் பின்னால்கூடக் கைவிட்டுத் துழாவினேன், சாமி மன்னிக்கட்டும். ஒன்றும் இல்லை.

கடைசியில் குளியலறை ஜன்னல். வெங்காயம் வாங்கி வரும் வலைப் பைக்குள் அவருடைய மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அங்கேதான் தொங்கும். அவர் சுத்தக்காரர். வாயும் மூக்கும் படுகிற பொருள், எச்சில் பட்டது என்று தினமும் வந்ததும் ரப்பரைக் கழுவி, டப்பிகளை ஈரத்துணியால் துடைத்துத் தொங்கவிடுவார். அந்தப் பழக்கத்தைப் பார்த்து நான் பெருமைப்பட்டதும் உண்டு. அன்று சந்தேகத்தில் அதையும் எடுத்துப் பார்த்தேன்.

டப்பி கனத்தது.

தினமும் கரியை அள்ளிப் போடுகிற கை இது. உலர்ந்த கரி இந்தக் கனம் கனக்காது. அவருடைய பையில் பிரிக்காத புது டப்பி ஒன்று கிடந்தது. அதை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. என் புத்தி எங்கே போனது தெரியுமா? சரக்கைக் கரிக்குள் ஊற்றி ஊறவைத்து, நாளெல்லாம் அதை முகர்ந்துகொண்டிருக்கிறார் என்று போனது. எத்தனை சாமர்த்தியம், பாட்டிலே தேவையில்லை! இரண்டு டப்பிகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். வழியெல்லாம் அக்காவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் கோத்துக்கொண்டு வந்தேன்.

சோதனைக்கூடத்தில் பழைய டப்பியைப் பிரித்தேன். கரிமணிகள் பார்வைக்குக் காய்ந்துதான் இருந்தன. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டவில்லை. அதுதான் கரியின் கள்ளத்தனம், உள்ளே தொண்டைவரை குடித்துவிட்டு வெளியே ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். கொஞ்சத்தை ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் போட்டு, ஆவியை வெளியே இழுக்கிற கூண்டுக்குள் வைத்து, அடிப்பக்கத்தை மெல்லச் சூடாக்கினேன். குழாயின் குளிர்ந்த மேல்முனையில் பனி பிடித்தது. பிறகு துளித்துளியாகக் கோத்து வழிந்தது.

துளியை ஒரு குச்சியில் தொட்டு மூக்கருகே கொண்டுவந்தேன். பெயிண்டைக் கரைக்கிற தின்னரின் நெடி லேசாக இருந்தது. மற்றபடி தண்ணீர். வெறும் தண்ணீர். என் மூக்கு சாராயத்தைத் தேடித் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. புது டப்பியின் கரியையும் அதேபோல் சூடாக்கினேன். குழாய் ஏறக்குறையக் காய்ந்தே இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குளியலறையில் அவர் குளித்து, நான் குளித்து, மகள் வெந்நீரில் குளித்து, அந்த ஆவியெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் வெளியேறும். வெளியேயோ மழைக்காலக் காற்று. இரவெல்லாம் கரி அதில் தொங்கியிருக்கிறது. ஒரு துளி பிடித்து, அதை அடுத்தது பிடித்து, துளையெல்லாம் தண்ணீர். காலையில் அதை மாட்டிக்கொண்டு, கழுவிய ஈரம் ஆறாத தொட்டிக்குள் இறங்குகிறார். பெயிண்ட் ஆவி வருகிறது. கரிக்குள் அதற்கு இடம் எங்கே? நேராக அவர் நெஞ்சுக்குள் போகிறது.

தள்ளாட்டம், மறதி, இனிப்பான மூச்சு, ஞாயிற்றுக்கிழமைத் தெளிவு. எல்லாம் அதிலிருந்து வந்தவை. அந்தத் தொட்டிக்குள் செங்குத்தான இரும்பு ஏணி. தலை சுற்றிக் கை நழுவியிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

வீட்டுக்கு வந்ததும், பிரித்த டப்பியை அவர் முன்னால் வைத்தேன்.

"இதை ஏன் ஜன்னல்ல தொங்க விடறீங்க?"

"காத்தாடத்தான். ஏன், என்ன ஆச்சு?"

"வேலை முடிஞ்சா காத்துப் புகாத பையில போட்டு மூடி வைக்கணும்னு உங்க சேஃப்டி ஆபீசர் சொல்லலையா?"

"சொன்னாரு லா. மூடி வெச்சா புழுங்கி நாறிடாதா? எச்சில் பட்ட சாமானை யாராச்சும் மூடி வைப்பாங்களா?"

நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். கழுவிய ஊறுகாய் ஜாடியோ, பாயோ, செருப்போ, எதுவானாலும் காற்றாட வைத்தால் கெடாது. இந்த ஊர்க் காற்றில் காற்றாட வைப்பது என்றால் நனைய வைப்பது என்று அர்த்தம். கண்ணாடிக் குழாயில் நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் கரிமணிகளை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்தார். "காய்ஞ்சுதானே இருக்கு," என்று இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"குடிக்கலைன்னா பாப்பா தலையில ஏன் கை வைக்கல?"

அவர் கரிமணிகளைத் திரும்ப டப்பிக்குள் கொட்டினார்.

"குடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அப்படியேதான் மா இருந்துச்சு. கால் தரையில நிக்கல, நாக்கு புரளல. நான் குடிக்கல. ஆனா உடம்பு குடிச்சேன்னு சொல்லுது. கேன்டீன் டீயில எவனாச்சும் விளையாட்டுக்கு எதையாச்சும் கலந்து குடுக்கறானோன்னு சந்தேகம். அதான் ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் போனேன். அப்பவும் நிக்கல. எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு. தெரியாம குடிச்சாலும் குடிச்சதுதானே? பிள்ளை தலையில கை வெச்சு, அது பொய்யாப் போயிட்டா?"

அவர் சொன்னதை நம்பினேன். அதே சமயம், உள்ளே ஒரு மூலையில், இதுவும் நல்ல கதையாகத்தான் இருக்கிறது என்று ஒரு குரல் கேட்டது. இருப்பதைச் சொல்கிறேன். அடுத்த தொட்டி வேலைக்குப் புது டப்பிகளைப் பிரித்து மாட்டி அனுப்பினேன். நன்றாகத்தான் திரும்பி வந்தார். ஒரு நாள் பார்த்தால் போதுமா என்று அடுத்த நாளும் முகர்ந்தேன். மழை கொட்டிய ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் அக்காவுக்குப் போன் செய்து, ரூம் வேண்டாம் என்றேன். "நல்லாப் பார்த்துக்க," என்றாள் அவள், என் அக்கா இல்லையா.

சந்தேகப்பட்டதற்காக நான் வருத்தப்படவில்லை. நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த டப்பியைக் கையில் எடுத்திருக்கவே மாட்டேன். பட்டறையில் அவர் இதைச் சொன்னபோது, இன்னும் சிலரும் மாஸ்க்கைத் துவைத்த துணியோடு சேர்த்துக் கம்பில் தொங்கவிட்டிருந்தது தெரியவந்ததாம். இப்போது எல்லோரும் இறுக்கி மூடுகிற டப்பாவில் வைக்கிறார்கள். மருத்துவரிடமும் போய் வந்தார், உடம்புக்கு ஒன்றுமில்லை. தட்டைத் தள்ளுவதில்லை, சாவி தடுமாறுவதில்லை.

ஒன்று மட்டும் நின்றபாடில்லை. தொட்டி வேலை முடிந்து வருகிற நாள்களில், அவர் கேட்டுக்கு வெளியே நின்று, நான் கேட்காமலே, என் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டுகிறார். முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. "வேண்டாங்க, உள்ள வாங்க," என்று நானும் சிரித்தேன். இப்போது அவர் சிரிப்பதில்லை. ஊதிவிட்டு, நான் ஒதுங்கி வழிவிடும்வரை நிற்கிறார், பிறகு பூட்ஸைக் கழற்றுகிறார்.

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். கேட்டைத் திறந்தேன். உள்ளே வராமல் வெளியிலேயே நின்று, எட்டி எம்பி என் முகத்தில் ஊதினாள். இந்த வீட்டுக்குள் வருவதென்றால் அப்படித்தான் வரவேண்டும் என்று அவளுக்கு நினைப்பு.

"நீ எதுக்குடி ஊதறே?" என்று சிரிக்கப் பார்த்தேன்.

சாக்லேட் பால் குடித்திருந்தாள். அது தெரிகிறதென்றால், நான் முகர்ந்துதான் பார்த்திருக்கிறேன்.